பெயர் தெரியாத துணி எந்த இழை? வெட்டுவதற்கு முன் கண்டுபிடிக்கும் வழிகள்

தையல் பழக ஆரம்பித்தால் போதும், வீட்டில் ஒரு துணிக்குவியல் தானாகச் சேர்ந்துவிடும். யாரோ கொடுத்த கட்பீஸ், பழைய திரைச்சீலை, லேபிளைக் கத்தரித்துவிட்ட கவுன், எப்போது வாங்கினோம் என்றே நினைவில்லாத இரண்டு மீட்டர். எல்லாமே பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது காட்டனா, ரேயானா, பாலியஸ்டரா என்று தெரியாமல் வெட்டித் தைத்தால், முதல் துவையலிலோ முதல் இஸ்திரியிலோதான் விடை தெரியும். அப்போது தெரிந்து பயனில்லை.

வெட்டுவதற்கு முன்பே அந்த விடையைப் பெற வழி இருக்கிறது. பெரிய சாமான்கள் எதுவும் வேண்டாம். கத்தரிக்கோல், இடுக்கி, தண்ணீர், ஒரு லைட்டர், கூடவே கொஞ்சம் பொறுமை.

முதலில், எதைத் தேடுகிறோம்?

இழையின் துல்லியமான பெயரைத் தெரிந்துகொண்டே தீர வேண்டும் என்று மெனக்கெட வேண்டாம். தைப்பவருக்குத் தெரிய வேண்டியது அந்த இழையின் குடும்பம். குடும்பம் தெரிந்தால் துணி சுருங்குமா, எவ்வளவு சூடு தாங்கும், எப்படித் துவைக்கலாம் என்ற மூன்று கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.

முதல் குடும்பம் செடியிலிருந்து வருவது: பருத்தி, லினன், சணல். ரேயான் என்றும் விஸ்கோஸ் என்றும் சொல்லப்படுவதும் இதே குடும்பம்தான். மரக்கூழை வேதிப்பொருளில் கரைத்து மறுபடி இழையாக இழுத்து அதைச் செய்கிறார்கள். மோடல், லையோசெல் இரண்டும் அதன் உறவுகள். 'மூங்கில் துணி' என்று மென்மையாக, பளபளப்பாக விற்கப்படுவதும் பெரும்பாலும் மூங்கில் கூழில் செய்த விஸ்கோஸ்தான்.

இரண்டாவது, விலங்கிலிருந்து வரும் கம்பளியும் பட்டும். இரண்டும் புரதம். மூன்றாவது, பெட்ரோலிய மூலப்பொருளிலிருந்து செய்யும் பாலியஸ்டர், நைலான், அக்ரிலிக், ஸ்பான்டெக்ஸ், பாலிப்ரோப்பிலீன். இவை அத்தனையும் ஒருவகைப் பிளாஸ்டிக். அசிட்டேட் என்று ஒன்று இந்த வரிசைக்கு நடுவில் நிற்கும். அதன் மூலப்பொருள் மரக்கூழ்தான், ஆனால் சூடு பட்டால் பிளாஸ்டிக் போலவே உருகும். பழைய கோட்டுகளின் லைனிங்கிலும் பளபளக்கும் விருந்து உடைகளிலும் இது நிறைய இருக்கும்.

புதியவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. சாட்டின், ஷிஃபான், ஜார்ஜெட், க்ரேப், வெல்வெட் எல்லாம் துணி நெய்யப்பட்ட விதத்தின் பெயர்கள். அவற்றில் எதுவுமே இழையின் பெயர் கிடையாது. பட்டிலும் சாட்டின் நெய்யலாம், பாலியஸ்டரிலும் நெய்யலாம். 'இது ஜார்ஜெட்' என்று ஒருவர் சொன்னால், அந்தத் துணி எந்தச் சூட்டில் உருகும் என்பதைப் பற்றி அவர் இன்னும் ஒன்றுமே சொல்லவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

துவைத்த துண்டில்தான் சோதனை

கடையிலிருந்து வரும் துணியில் கஞ்சி இருக்கும், மென்மையாக்கும் பூச்சு இருக்கும், சில சமயம் தண்ணீர் ஒட்டாத பூச்சும் இருக்கும். நீங்கள் தொடுவது அந்தப் பூச்சைத்தான், இழையை அல்ல. எரித்துப் பார்த்தாலும் அதே பூச்சு வாடையை மாற்றிக் காட்டும். அதனால் முதல் வேலை, ஓரத்திலிருந்து சரியாக 20 செ.மீ.க்கு 20 செ.மீ. சதுரம் ஒன்றை வெட்டுங்கள். நீளவாக்கு எது என்று பேனாவால் அம்புக்குறி போடுங்கள். பிசிர் பிரியாமல் இருக்க விளிம்பில் ஒரு ஜிக்ஜாக் தையல் ஓட்டுங்கள். அப்புறம் சோப்புப் போட்டு வெந்நீரில் துவைத்துக் காய வையுங்கள்.

இதில் இரட்டைப் பலன் இருக்கிறது. காய்ந்ததும் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் 19 செ.மீ. ஆகியிருந்தால் 5 சதவீதம் சுருங்கிவிட்டது. ஒரு மீட்டர் நீளச் சட்டை வெட்டினால் அதில் 5 செ.மீ. போய்விடும். இழை எது என்று தெரிவதற்கு முன்பே தையலுக்கான மிக முக்கியமான தகவல் கையில் வந்தாயிற்று. நீளவாக்கில் சுருங்குவதும் அகலவாக்கில் சுருங்குவதும் பெரும்பாலும் ஒரே அளவாக இருக்காது. இரண்டையும் தனித்தனியே குறித்து வையுங்கள். துணி குறைவாக இருந்தால் 10 செ.மீ. சதுரம் போதும், ஆனால் அளப்பதில் கவனம் கூட வேண்டும்.

பளபளப்பாக, பட்டைப் போலத் தோன்றும் துணியையும் கம்பளி மாதிரி இருப்பதையும் மட்டும் வெந்நீரில் போடாதீர்கள். கம்பளி வெந்நீரில் அலசப்பட்டால் இழைகள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு கெட்டியாகிவிடும், திரும்பப் பழைய நிலைக்கு வராது. குளிர்ந்த நீரில் கையால் அலசினால் போதும்.

கண்ணும் கையும் சொல்வது

துணியின் கரையைப் பாருங்கள். சில துணிகளில் கரை ஓரத்திலேயே இழை விவரம் அச்சடித்திருக்கும். பழைய உடுப்பு என்றால் பக்கவாட்டுத் தையலுக்குள் இன்னொரு லேபிள் ஒளிந்திருக்கும். அதைத் தேடாமலேயே தீயைக் கையில் எடுப்பவர்கள் நிறையப் பேர்.

அடுத்து, துணியின் ஒரு மூலையைக் கைக்குள் இறுக்கிக் கசக்கி, பத்து எண்ணி விடுங்கள். லினன் என்றால் கூர்மையான கோடுகளோடு கசங்கி அப்படியே நிற்கும். காட்டனும் ரேயானும் கசங்கும், ஆனால் கோடுகள் அவ்வளவு கூர்மையாக இருக்காது. கம்பளி மெதுவாக விரிந்து பழையபடி ஆகிவிடும். பாலியஸ்டர் கசங்கியதாகவே காட்டிக்கொள்ளாது. காட்டனைப் போல இருந்தும் கசங்கவில்லை என்றால் அதில் பாலியஸ்டர் கலந்திருக்கும், அல்லது கசங்காமல் இருக்கப் பூச்சுக் கொடுத்திருப்பார்கள்.

ஒரு சொட்டுத் தண்ணீரும் விட்டுப் பாருங்கள். துவைத்த காட்டன், லினன், ரேயான் மூன்றும் சட்டென்று உறிஞ்சிக்கொள்ளும். பாலியஸ்டர் இழைக்குள் தண்ணீர் ஏறவே ஏறாது. சாதாரண ஈரப்பதமுள்ள காற்றில் பருத்தி தன் எடையில் ஏறக்குறைய 8 சதவீதம் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், பாலியஸ்டர் அரை சதவீதத்தைக்கூடத் தொடாது. ஆனால் விளையாட்டு உடைகளுக்கான பாலியஸ்டர், நூல்களின் இடுக்கு வழியாகத் தண்ணீரைப் பரப்பிவிடும். அது பார்வைக்கு உறிஞ்சுவது போலவே இருக்கும். எனவே இந்தச் சோதனையை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

மோதிரத்துக்குள் துணியை இழுத்தால் வழுக்கிக்கொண்டு வருவது பட்டு என்று ஒரு நம்பிக்கை பலரிடம் இருக்கிறது. அது துணியின் மெல்லிசைத்தான் காட்டும். மெல்லிய பாலியஸ்டரும் அதே மோதிரத்துக்குள் அதே மாதிரி வரும்.

நூலை உருவிப் பாருங்கள்

என்னைக் கேட்டால் இதுதான் அதிகம் கற்றுத்தரும் படி. பலரும் இதைத் தாண்டி நேராகத் தீக்குப் போய்விடுகிறார்கள். துணியின் நீளவாக்கில் ஓடுவது பாவு நூல், குறுக்கே ஓடுவது ஊடை நூல். இரண்டும் ஒரே இழையாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பட்டுப் பாவில் பருத்தி ஊடை ஓட்டியிருக்கலாம், பாலியஸ்டர் பாவில் ரேயான் ஊடை இருக்கலாம். அதனால் இரண்டு பக்கத்திலிருந்தும் சில நூல்களை உருவித் தனித்தனியே வையுங்கள். இனி வரும் எல்லாச் சோதனையையும் இரண்டிலும் செய்ய வேண்டும்.

ஒரு நூலை எடுத்து, முறுக்கு இருக்கும் திசைக்கு எதிராகத் திருகிப் பிரியுங்கள். உள்ளே இருக்கும் இழைகள் இரண்டு மூன்று செ.மீ. நீளத்தில், பஞ்சு பஞ்சாகப் பிரிந்து வந்தால் பருத்தியாக இருக்க வாய்ப்பு அதிகம். நெளிநெளியாகச் சுருண்டிருந்தால் கம்பளியை நினைத்துக்கொள்ளுங்கள். அதே நூல் முழுநீளத்துக்கும் அறுபடாத, கண்ணாடி போல வழுவழுப்பான இழைகளாகப் பிரிந்தால் பட்டாகவோ செயற்கை இழையாகவோ ரேயானாகவோ இருக்கும். இது ஒருவழிப் பாதைதான் என்பதை மறக்க வேண்டாம். பாலியஸ்டரையும் பஞ்சு போலச் சின்னச் சின்னதாக நறுக்கி நூற்கிறார்கள். குட்டை இழை என்பதாலேயே அது இயற்கை இழை ஆகிவிடாது.

ஈர நூல் சோதனையை எனக்கு ரொம்பப் பிடிக்கும். காட்டனையும் ரேயானையும் தீ பிரித்துக் காட்டாது, இரண்டும் ஒரே மாதிரி எரியும். தண்ணீர் பிரித்துக் காட்டிவிடும். ஒரு விரல் நீளத்துக்குச் சற்றுக் கூடுதலாக நூலை எடுத்து, அதன் நடுவை மட்டும் தண்ணீரில் தொட்டு நனையுங்கள். இரண்டு முனைகளையும் பிடித்து மெதுவாக, சீராக இழுங்கள். விஸ்கோஸ் ரேயான் என்றால் நனைந்த இடத்தில் நூல் சற்று நீண்டு, சத்தமே இல்லாமல் அங்கேயே இற்றுவிடும். நனைந்தால் அதன் வலு கிட்டத்தட்டப் பாதியாகிவிடுகிறது. பருத்தியும் லினனும் நேர்மாறு, நனைந்தால் வலு கூடும். அதனால் நூல் ஈரமான நடுவை விட்டுவிட்டு, காய்ந்த பக்கத்தில் எங்காவது அறும். ஒரு நூலோடு நிறுத்தாமல் நாலைந்து நூலில் செய்து பாருங்கள், ஏனென்றால் நூலில் ஏற்கெனவே மெலிந்த இடம் இருந்தாலும் அங்கேதான் அறும். மோடலும் லையோசெல்லும் ஈரத்தில் விஸ்கோஸை விட உறுதியாக நிற்பவை, அவற்றை இந்தச் சோதனை தெளிவாகக் காட்டிக்கொடுக்காது.

அறுந்த முனையையும் பாருங்கள். பருத்தி நூலின் முனை தூரிகை மாதிரி பொசபொசவென்று இருக்கும். லினன் முனை நேராக, கூராக நிற்கும். லினன் நூல் ஒரே சீரான பருமனில் இருக்காது, அங்கங்கே தடித்தும் மெலிந்தும் போகும். ஆனால் லினன் தோற்றத்துக்காகவே தடிப்பு வைத்து நூற்ற காட்டனும் பாலியஸ்டரும் உண்டு. கசக்கிப் பார்த்ததையும் முனையில் பார்த்ததையும் சேர்த்து முடிவு செய்யுங்கள்.

தீச் சோதனை

இதுவரை செய்ததில் ஓர் ஊகம் கிடைத்திருக்கும். தீ அதை உறுதிப்படுத்தும், அல்லது கவிழ்க்கும்.

பாதுகாப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். பாத்திரம் கழுவும் தொட்டியிலோ, எஃகுத் தட்டிலோ வைத்துச் செய்யுங்கள். பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் இருக்கட்டும். ஜன்னல் திறந்திருக்கட்டும், ஆனால் மின்விசிறி வேண்டாம். முடியைக் கட்டிக்கொள்ளுங்கள், தொங்கும் கை உள்ள உடை வேண்டாம். நூலை எப்போதும் நீளமான உலோக இடுக்கியில் பிடியுங்கள், விரலில் பிடிக்கவே கூடாது. உருகிச் சொட்டும் பாலியஸ்டர் தோலில் ஒட்டிக்கொண்டு சுடும், உதறினால் போகாது. குழந்தைகள் அருகில் இருக்கக் கூடாது. ரெக்ஸின் போன்ற பிளாஸ்டிக் தோல், பிளாஸ்டிக் பூச்சுப் போட்ட துணி ஆகியவற்றை எரிக்க வேண்டாம். அவற்றில் பிவிசி இருந்தால் வரும் புகை நுரையீரலை அரிக்கக் கூடியது.

துணியை அப்படியே எரிப்பதை விட, உருவிய நூல்கள் ஏழெட்டைச் சேர்த்து முறுக்கி, இரண்டு மூன்று செ.மீ. நீளத்துக்கு எடுத்துக்கொள்வது நல்லது. மெழுகுவத்தியை விட லைட்டர் மேல், ஏனென்றால் மெழுகின் வாடையும் கரியும் சோதனையில் கலந்துவிடும். சுடரை நூலின் முனைக்குப் பக்கவாட்டில் மெதுவாகக் கொண்டு வாருங்கள். நான்கு நேரங்களில் கவனம் வேண்டும்: சுடர் நெருங்கும்போது, சுடருக்குள் இருக்கும்போது, சுடரை எடுத்த பிறகு, கடைசியில் ஆறிய சாம்பலில். வாடையை முகத்தை மேலே நீட்டி மோந்து பார்க்காதீர்கள். கையால் விசிறி லேசாக முகர்ந்தால் போதும்.

பருத்தி, லினன், ரேயான் என்றால் சுடர் தொட்டதும் பற்றிக்கொள்ளும். மஞ்சள் சுடர், காகிதம் எரியும் வாசனை. சுடரை எடுத்தாலும் எரிந்துகொண்டே போகும், ஊதி அணைத்த பிறகும் முனையில் ஒரு சிவப்புத் தணல் ஊர்ந்துகொண்டிருக்கும். மிஞ்சுவது லேசான சாம்பல், தொட்டால் பொடியாகிவிடும். கட்டி எதுவும் இருக்காது.

கம்பளி தயங்கித்தான் பற்றும். சிர்ரென்று சத்தம் வரும், நூல் சுருண்டு சுடரை விட்டு விலகும். சுடரை எடுத்ததும் பெரும்பாலும் தானே அணைந்துவிடும். முடி பொசுங்கும் நாற்றம் வரும். அதில் குழப்பமே வராது, ஏனென்றால் கம்பளியும் நம் தலைமுடியும் ஒரே புரதம்தான். கறுப்பாக ஊதிப்போன கரி மிஞ்சும், விரலால் நசுக்கினால் மொறுமொறுவென்று தூளாகும். பட்டும் ஏறக்குறைய இப்படியே, நாற்றம் மட்டும் கொஞ்சம் மட்டு. எடை கூட்டுவதற்காக உலோக உப்பு ஏற்றிய பட்டு ஒன்று உண்டு. அது எரிந்த பிறகும் நூலின் வடிவம் குலையாமல் எலும்புக்கூடு போல நிற்கும்.

பாலியஸ்டர் சுடர் நெருங்கும்போதே பின்வாங்கிச் சுருங்கும். அப்புறம் உருகும், கரும்புகை விடும், ஒருவித இனிப்பு கலந்த மருந்து வாடை வரும். ஆறியதும் முனையில் கடினமான ஓர் உருண்டை இருக்கும், நகத்தால் நசுக்க முடியாது. நைலானும் அப்படியேதான் உருகிச் சுருங்கும், உருண்டை பெரும்பாலும் சாம்பல் அல்லது பழுப்பு நிறத்தில் இருக்கும், கரும்புகை குறைவு. சாயம் ஏற்றிய துணியில் இந்த வித்தியாசம் மங்கிவிடும். வீட்டில் இரண்டையும் உறுதியாகப் பிரிப்பது கடினம், சந்தேகம் என்றால் நைலான் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அது குறைந்த சூட்டில் இஸ்திரி போட வேண்டியது என்பதால் அந்த முடிவால் கெடுதல் வராது.

அக்ரிலிக் கம்பளி வேடத்தில் வரும். பழைய ஸ்வெட்டரில் கம்பளி என்று நினைத்து எடுத்த நூல் வேகமாக, சடசடவென்று எரிந்து உருகி, ஒழுங்கற்ற கறுப்புக் கட்டியாக மிஞ்சினால் அது அக்ரிலிக். அசிட்டேட் எரிந்துகொண்டே உருகும், வினிகரின் புளித்த வாடை அடிக்கும். ஸ்பான்டெக்ஸ் தனியாகத் துணியாக வருவது அரிது. இழுத்தால் ரப்பர் போல நீண்டு சட்டெனத் திரும்பும் நூல் ஏதாவது துணிக்குள் இருந்தால் அதுதான்.

ஜரிகை இருந்தால் அதைத் தனியே உருவிச் சோதியுங்கள். உலோகம் எரியாது. உலோகம் பூசிய பிளாஸ்டிக் படலம் சுருண்டு உருகிவிடும். இஸ்திரிப் பெட்டியின் சூட்டை முடிவு செய்ய இந்த ஒரு தகவலே போதும்.

கலப்புத் துணி

கையில் கிடைக்கும் பெயரற்ற துணிகளில் கலப்புத்தான் அதிகம். பாலியஸ்டரும் காட்டனும் கலந்து ஒரே நூலாக நூற்றது எப்படி எரியும்? காகித வாசனையோடு காட்டன் மாதிரிதான் பற்றும். அவசரப்பட்டு காட்டன் என்று எழுதிவிடத் தோன்றும். ஆறும்வரை காத்திருங்கள். சாம்பலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேயுங்கள். மேலே இருக்கும் சாம்பல் பொடியாக உதிரும். உள்ளே மணல் துகள் போல, கம்பித் துண்டு போல ஏதோ ஒன்று நெருடும், எவ்வளவு அழுத்தினாலும் உடையாது. அது பாலியஸ்டர். தீச் சோதனையில் சுடரைப் பார்ப்பதை விட இந்தத் தேய்ப்பில் தெரிவது அதிகம்.

எத்தனை சதவீதம் கலப்பு என்று வீட்டில் சொல்ல முடியாது. நெருடல் கொஞ்சமா அதிகமா என்று மட்டும் தெரியும். தையலுக்கு அதுவே போதுமானது. துவைப்பதில் காட்டன் பங்கைப் பாருங்கள், இஸ்திரியில் பாலியஸ்டர் பங்கைப் பாருங்கள்.

தீ தடுப்புப் பூச்சுப் போட்ட துணி எந்த இழையாக இருந்தாலும் ஒழுங்காக எரியாது. திரைச்சீலை, சோபா துணி, குழந்தைகளின் இரவு உடை ஆகியவற்றில் இது இருக்கலாம். அங்கே தீயின் பேச்சை நம்ப வேண்டாம், நூல் சோதனையையும் கீழே வருவதையும் நம்புங்கள்.

கரைத்துப் பார்ப்பது

இது எல்லாருக்கும் எப்போதும் தேவைப்படாது. பட்டா இல்லையா, கம்பளியில் கலப்பு உண்டா என்ற கேள்வி வந்தால் மட்டும் செய்யுங்கள்.

வீட்டில் துணி வெளுக்கப் பயன்படுத்தும் குளோரின் பிளீச் புரத இழைகளைக் கரைத்துவிடும். செடி இழைகளையும் பாலியஸ்டரையும் கரைக்காது. கையுறை போட்டு, ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் கொஞ்சம் பிளீச் ஊற்றி, நூலைப் போடுங்கள். சீப்பில் உதிர்ந்த தலைமுடி ஒன்றையும் கூடவே போடுங்கள். பிளீச் பழையதாகி வீரியம் இழந்திருந்தால் முடி கரையாது. அப்போது நூல் கரையாததை வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது. பிளீச் நன்றாக இருந்தால் கம்பளி குமிழி விட்டுக் கரையத் தொடங்கும், பட்டும் கரையும். முடி கரைந்து மறைந்த பிறகும் கிண்ணத்தில் நூல் மிச்சம் இருந்தால், அந்த மிச்சம் கம்பளியோ பட்டோ அல்ல.

ஒரு எச்சரிக்கையை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். பிளீச்சோடு வினிகர், கழிப்பறை ஆசிட், அமோனியா எதையும் சேர்க்கவே கூடாது, விஷ வாயு வரும். சோதனை முடிந்ததும் நிறையத் தண்ணீர் கலந்து தனியாக ஊற்றுங்கள்.

அசிட்டேட் என்று சந்தேகம் இருந்தால் அசிட்டோன் உள்ள நகப்பூச்சு நீக்கியை ஒரு சொட்டு விடுங்கள். நூல் பசையாகி ஒட்டும், சில நிமிடங்களில் கரையும். காட்டனும் பட்டும் பாலியஸ்டரும் அசையாமல் இருக்கும். அசிட்டோன் எளிதில் தீப்பற்றும், எனவே தீச் சோதனை நடந்த அதே மேசையில் இதைச் செய்யாதீர்கள். லைட்டரைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வேறு நாள் பார்த்துக்கொள்ளலாம். இந்த அறிவுக்கு இன்னொரு பயனும் உண்டு: பழைய கோட்டின் லைனிங்கில் பட்ட கறையை நகப்பூச்சு நீக்கியால் துடைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்க மாட்டீர்கள்.

பாலிப்ரோப்பிலீனுக்கு மட்டும் ஓர் எளிய அடையாளம் இருக்கிறது, அது தண்ணீரில் மிதக்கும். மற்ற இழைகள் தண்ணீரை விடக் கனமானவை. நூலில் ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழிகளால் எதுவும் முதலில் மிதக்கலாம் என்பதால், ஒரு சொட்டுச் சோப்பு நீர் சேர்த்து நன்றாக நனைத்த பிறகு பாருங்கள்.

விடை கிடைத்த பிறகு

இஸ்திரிப் பெட்டியில் இருக்கும் புள்ளிகளுக்கு அர்த்தம் உண்டு. ஒரு புள்ளி 110 டிகிரி செல்சியஸ், இரண்டு புள்ளி 150, மூன்று புள்ளி 200 வரை. அக்ரிலிக், நைலான், அசிட்டேட் ஒரு புள்ளி. பாலியஸ்டர், கம்பளி, பட்டு இரண்டு புள்ளிக்குள். காட்டனும் லினனும் மூன்று. ரேயானுக்கு இரண்டு புள்ளியோடு நிறுத்திக்கொள்வது நல்லது, உள்பக்கமாகப் போடுவது இன்னும் நல்லது. காலருக்கு ஒட்டும் கேன்வாஸ் வைப்பதாக இருந்தால் இதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும், பசை ஒட்டுவதற்குத் தேவையான சூட்டை நைலானும் அசிட்டேட்டும் தாங்காமல் போகலாம்.

செடி இழைத் துணிகளை வெட்டுவதற்கு முன், முழுத் துணியையும் பின்னால் எப்படித் துவைப்பீர்களோ அப்படியே ஒருமுறை துவைத்துக் காயப் போடுங்கள். ரேயானை ஈரத்தில் பிழியவோ கனமாகத் தொங்கவிடவோ வேண்டாம், ஈர நூல் எப்படி இற்றது என்பதைத்தான் பார்த்தோமே. பாலியஸ்டரைச் சாதாரணமாகத் துவைத்தால் சுருங்காது, ஆனால் ஊசித்துளைகளையும் தவறான மடிப்பையும் எளிதில் மறக்காது. இஸ்திரியால் ஒரு தையலைத் தட்டி நேராக்கும் சுகம் காட்டனில்தான்.

ஊசி விஷயத்தில் இழையை விட துணியின் கனமும் அமைப்பும் முக்கியம். மெல்லிய பட்டுக்கும் பட்டு போன்ற பாலியஸ்டருக்கும் 60 அல்லது 70 எண் கூர் ஊசி, நடுத்தரக் காட்டனுக்கு 80, தடித்த டெனிமுக்கு 100. பனியன் துணிக்கு எந்த இழையானாலும் முனை உருண்ட ஊசி.

எதைத் தைக்கக் கூடாது என்பதும் இந்த விடையில் அடங்கியிருக்கிறது. அடுப்பில் சூடான பாத்திரத்தைப் பிடிக்கும் துணியோ, சமையல் ஏப்ரனோ, நூறு சதவீதம் செடி இழை என்று உறுதியானால் மட்டும் தையுங்கள், உள்ளே வைக்கும் நிரப்புத் துணியும் அப்படியே. சாம்பலில் சின்ன நெருடல் இருந்தாலும் அந்தத் துணி வேறு எதற்காவது ஆகட்டும். சாயம் ஏற்றும் எண்ணம் இருந்தாலும் இதே கதைதான், காட்டனுக்கான சாதாரணச் சாயம் பாலியஸ்டரில் ஏறாது. கலப்புத் துணியில் பாதி ஏறி வெளிறிப்போன நிறம்தான் கிடைக்கும்.

சோதித்த ஒவ்வொரு துணியிலும் ஒரு சின்னத் துண்டைத் தடித்த அட்டையில் ஒட்டி, எப்படிக் கசங்கியது, எப்படி எரிந்தது, எவ்வளவு சுருங்கியது என்று பக்கத்தில் எழுதி வையுங்கள். என்ன இழை என்று ஏற்கெனவே லேபிளால் உறுதியான துணிகளையும் அதே மாதிரி சோதித்து அந்த அட்டையில் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை தெரியாத ஒன்று வரும்போது, தெரிந்த காட்டன் நூலையும் தெரியாத நூலையும் அடுத்தடுத்து எரித்து ஒப்பிடலாம். வாடையைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது, பக்கத்தில் வைத்து முகர்ந்தால்தான் மனதில் நிற்கும்.

எல்லாம் செய்தும் இரண்டு இழைகளுக்கு நடுவில் முடிவு வராமல் நின்றால், இரண்டில் எது எளிதில் கெடக்கூடியதோ அதுதான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த நீர், ஒரு புள்ளிச் சூடு, இஸ்திரிப் பெட்டிக்கும் துணிக்கும் இடையில் ஒரு மெல்லிய காட்டன் துணி. அதை முதலில் ஒரு பையாகவோ தலையணை உறையாகவோ தைத்து, சில துவையல் போகட்டும். மீதித் துணியை உடையாக வெட்டலாமா என்பதை அந்தப் பையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.